சைடு டிஷ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குடிப்பவன் இல்லை.

இதைச் சொன்னால் நண்பர்கள் இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். சிலர், 'ஐயோ பாவம்' என்று. மற்றவர்கள், 'நம்பிட்டோம்' என்று. பத்திரிகைக்காரன் குடிக்க மாட்டான் என்றால் ஊரில் யார்தான் நம்புகிறார்கள்!

காரணம் கொள்கையெல்லாம் கிடையாது. அப்பா.

அப்பாவுக்கு ராத்திரி ஏழரை மணியானால் வேண்டும். மொட்டை மாடியில் ஒரு ஸ்டூல், ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு டம்ளர். சைடு டிஷ் வாங்கி வருவது என் டிபார்ட்மென்ட். தெருமுனைத் தள்ளுவண்டியில் இரண்டு அவித்த முட்டை, மிளகுத்தூள் தனியாகப் பொட்டலத்தில். மாசக் கடைசி என்றால் மிக்சர். இன்னும் கடைசி என்றால் ஊறுகாய் பாக்கெட். கீழே அடுக்களையில் அம்மா அப்பாவுக்குச் சாப்பாடு போட்டுத் தட்டால் மூடி வைத்திருப்பாள். அப்பா இறங்கி வருவார். சில நாள் சாப்பிடுவார். பல நாள் அப்படியே படுத்துவிடுவார். காலையில் அந்தத் தட்டைத் திறந்து, சோற்றில் தண்ணீர் ஊற்றுகிற அம்மாவின் முகம்தான், எனக்குத் தெரிந்த முதல் மதுவிலக்குப் பிரசாரம்.

அப்பேர்ப்பட்ட நான், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமை, தெற்கு பிரான்சில் ஒரு ஏரிக்கரைக் கொட்டகையில், கையில் ஒயின் கிளாஸோடு உட்கார்ந்திருந்தேன். எப்படி என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

மோன்பெலியே நகரத்தில் ஒரு கருத்தரங்கு. மூன்று நாள் முடிந்து, ஒரு நாள் சும்மா கிடைத்தது. அங்கே ஒரு நண்பர் இருக்கிறார். பாண்டிச்சேரிக் குடும்பம். தாத்தா காலத்திலேயே பிரெஞ்சுக் குடியுரிமை. "அண்ணே, ஓட்டல் ரூம்ல உக்காந்து டி.வி. பாக்காதீங்க. சாப்பிடப் போலாம் வாங்க" என்று காரில் ஏற்றிக்கொண்டார்.

அரை மணி நேரத்தில் 'தோ' என்கிற ஏரி வந்தது. ஏரி என்று சொல்வது சரியில்லை. நம் பழவேற்காடு மாதிரி உப்புநீர்க் காயல். 75 சதுர கிலோமீட்டர். மத்தியதரைக் கடலுக்கும் அதற்கும் நடுவே ஒரு மெல்லிய மணல் திட்டு. எதிர்க்கரையில் குன்றோடு ஒரு துறைமுக ஊர் தெரிந்தது. பெயர் 'செத்'. பலகையில் படித்தால் நமக்குக் கொஞ்சம் பதறும். ஆனால், படு உயிரோட்டமான ஊர். பால் வலேரி என்கிற கவிஞரும், ஜார்ஜ் பிராசன்ஸ் என்கிற பாடகரும் பிறந்து, அங்கேயே அடக்கமும் ஆகியிருக்கிறார்கள்.

நாங்கள் நின்றது பூஸிக் என்கிற கரையோரக் கிராமம். தண்ணீருக்குள் வரிசை வரிசையாகக் கழிகளும் குறுக்குச் சட்டங்களும். அவரைப் பந்தலைக் காயலுக்குள் இறக்கி வைத்தது போல இருந்தது. காய்க்குப் பதிலாக, கயிற்றில் தொங்குவது சிப்பி. அட்லான்டிக் பக்கம் என்றால் கடல் தினமும் உள்வாங்கும். சிப்பியைத் தரையிலேயே வளர்க்கலாம். மத்தியதரைக் கடலில் ஏற்றவற்றம் ரொம்பக் குறைவு. அதனால் இங்கே தொங்கவிடுகிறார்கள். எப்படி? குட்டிச் சிப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து, சிமென்ட் கலவை வைத்துக் கயிற்றில் ஒட்டி! கையால்! அப்புறம் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் காத்திருக்க வேண்டும்.

கொட்டகைக்காரம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஆறு சிப்பி, ஒரு எலுமிச்சை மூடி, ரொட்டி, வெண்ணெய் கொண்டுவந்து வைத்தார். சமைக்கவே இல்லை. பச்சை. "உயிரோடதான் இருக்கும் அண்ணே" என்று நண்பர் வேறு கிளப்பிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை விட்டேன். மெரினாவில் குளிக்கும்போது அலை அடித்து வாய்க்குள் போகுமே, அந்த உப்பு. அதற்குப் பின்னால் ஒரு தித்திப்பு. மோசமில்லை.

அப்போதுதான் அந்தப் பாட்டில் வந்தது. பச்சையாய், ஒல்லியாய், நெட்டையாய். பெயர், பிக்பூல் தெ பினே. பிக்பூல் என்பது திராட்சையின் பெயர். பினே என்பது ஊரின் பெயர். காயலின் வடகரையில் ஆறே ஆறு ஊர்களில் விளைகிற திராட்சையில் செய்தால்தான் இந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். நம் புவிசார் குறியீடு மாதிரி. இந்தப் பெயருக்குத் தனி அந்தஸ்து 2013-ல் கிடைத்தது. விலை ஒன்றும் பயமுறுத்துவதில்லை. கடையில் ஏழெட்டு யூரோ.

நான் வழக்கமான டயலாக்கைச் சொன்னேன். "நான் சாப்பிடறதில்லீங்க."

நண்பர் மொழிபெயர்த்தார். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். நண்பர் சிரித்தார். "இது குடிக்கறதுக்கு இல்லையாம். சிப்பியோட சாப்பிடறதுக்காம்."

யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் குடிதான் மெயின். முட்டையும் மிக்சரும் சைடு டிஷ். இங்கே அப்படியே தலைகீழ். சிப்பிதான் மெயின். ஒயின்தான் சைடு டிஷ்!

இரண்டு மடக்கு குடித்தேன். பொய் சொல்வானேன்!

பளீர் என்று புளித்தது. பிக்பூல் என்றால் 'உதட்டைக் குத்துவது' என்று அந்த ஊர்க்காரர்கள் அர்த்தம் சொல்வார்கள். பொருத்தம்தான். பொதுவாகச் சூடான ஊரில் பழம் சீக்கிரம் பழுத்து, புளிப்பு குறைந்து, சர்க்கரை ஏறிவிடும். இந்தத் திராட்சை கொஞ்சம் பிடிவாதக்காரி. நிதானமாகப் பழுக்கும். காயல் காற்றும் கை கொடுக்கும். அதனால் வெயிலிலும் புளிப்பை விடாது.

அந்தப் புளிப்போடு இன்னொரு சிப்பியைச் சாப்பிட்டேன். என்னமோ நடந்தது. ஒயினின் புளிப்பு அடங்கியது. சிப்பியின் தித்திப்பு மேலே வந்தது. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. உப்பு, புளிப்பின் கூர்மையைக் குறைக்கும். புளிப்பு, கவிச்சியை அடக்கும். வஞ்சிர வறுவல் மேல் எலுமிச்சம்பழம் பிழிகிறோமே, மீன் குழம்புக்குப் புளி கரைக்கிறோமே, அதே சமாசாரம். நான் எலுமிச்சை மூடியைத் தொடவே இல்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

"அப்போ சிவப்பு ஒயின்?" என்று கேட்டேன். நண்பர் முகத்தைச் சுளித்தார். அது வாயில் துருப்பிடித்த ஆணி மாதிரி இருக்குமாம். இதற்கும் காரணம் இருக்கிறது. சிவப்பு ஒயின்களில் கரைந்திருக்கிற இரும்புதான், சிப்பி வகைகளோடு சேரும்போது அந்தக் கவிச்சியைக் கிளப்புகிறது என்று 2009-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். பாட்டிகள் பல தலைமுறையாகச் சொன்னதற்கு லேப் ரிப்போர்ட்!

சிவப்புக்கு வேறு இடம் இருக்கிறது. அதே வட்டாரத்தில் கொஞ்சம் உள்ளே போனால் கஸ்தெல்நோதரி என்கிற ஊர். அங்கே கஸூலே என்று ஒரு சமாசாரம். வெள்ளை மொச்சை மாதிரி ஒரு பயறு, வாத்துக்கறி, பன்றி இறைச்சி எல்லாவற்றையும் மண்சட்டியில் மணிக்கணக்கில் வேகவைத்தது. கொழுப்பு அப்படியே மிதக்கும். அதற்குப் பக்கத்து மலைப்பக்கங்களில் விளைகிற மினெர்வுவா, கோர்பியேர் சிவப்பு ஒயின்கள். அதில் உள்ள துவர்ப்பு, நாக்கில் படிகிற கொழுப்பை வழித்துவிடும். பிரியாணிக்கு அப்புறம் நாம் வெற்றிலை போடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

காயலின் கிழக்குப் பக்கம் ஃப்ரோன்தின்யான் என்று ஓர் ஊர். அங்கே மஸ்கட் திராட்சையில் தேன் மாதிரி தித்திக்கிற ஒயின். அதற்கு ஜோடி ரோக்ஃபோர் என்கிற, ஆட்டுப்பாலில் செய்து நீலப் பூஞ்சணம் பூத்த சீஸ். உப்பும் வெல்லமும்! செத் துறைமுகத்துக்கு இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய மீனவர்கள் கொண்டுவந்தது 'தியெல்'. ஆக்டோபஸை நறுக்கி, தக்காளியும் காரமும் சேர்த்து, மாவுக்குள் வைத்துச் சுட்ட வட்டமான போளி. அன்று சாயங்காலம் அதையும் ஒரு கை பார்த்தோம். மறுபடி அதற்கு பிக்பூல்தான் ஜோடி. (நான் தண்ணீர். கோட்டா முடிந்துவிட்டது.)

பி.காமில் எகனாமிக்ஸ் பேப்பரில் 'காம்ப்ளிமென்டரி கூட்ஸ்' என்று ஒரு பாடம் வரும். ஒன்றுக்கொன்று துணையான பண்டங்கள். காரும் பெட்ரோலும், பேனாவும் மையும். ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்றுக்கு மதிப்பு இல்லை. அஞ்சு மார்க் கேள்வி. அதற்கு இத்தனை ருசியான உதாரணம் இருக்கிறது என்று எங்கள் புரொபசர் சொல்லவே இல்லை.

ஆனால், இந்தப் பொருத்தம் தெரிகிற வரைக்கும் அந்த வட்டாரம் பட்ட பாடு இருக்கிறதே...

லாங்க்டாக் என்பது அந்தப் பிரதேசத்தின் பெயர். 19-ம் நூற்றாண்டில் ரயில் வந்தது. வடக்கே ஆலைத் தொழிலாளர்களுக்கு மலிவாக, லிட்டர் லிட்டராகச் சிவப்பு ஒயின் வேண்டியிருந்தது. 'அளவுதானே வேணும்? இந்தா' என்று சமவெளி முழுக்கத் திராட்சை நட்டார்கள். ருசியாவது, பொருத்தமாவது! போதாக்குறைக்கு அல்ஜீரியாவிலிருந்து ஒயின் வந்து இறங்கியது. சர்க்கரையைக் கரைத்துக் கலப்பட ஒயின் செய்கிறவர்களும் கிளம்பினார்கள். 1900-களின் தொடக்கத்தில் விலை அதலபாதாளத்துக்குப் போனது.

1907-ல் அர்ஜெலியே என்கிற கிராமத்தில் காபிக்கடை வைத்திருந்த, திராட்சைத் தோட்டக்காரரான மார்சலன் அல்பேர் ஒரு சின்னக் கூட்டத்தோடு கிளம்பினார். வாராவாரம் கூட்டம் பெருத்தது. ஜூன் 9-ம் தேதி மோன்பெலியேவில் கூடியவர்கள் ஐந்து லட்சம் பேருக்கு மேல். நார்போன் ஊரில் ராணுவம் சுட்டு மக்கள் செத்தார்கள். சுடச் சொன்னால் சுட வேண்டியது நம் சொந்த அண்ணன் தம்பிகளை என்று, உள்ளூர்ப் பிள்ளைகள் நிறைந்த 17-வது படைப்பிரிவில் சுமார் ஐந்நூறு சிப்பாய்கள் கலகம் செய்தார்கள்.

அல்பேர் பாரிசுக்குப் போய்ப் பிரதமர் கிளெமான்ஸோவைப் பார்த்தார். கிளெமான்ஸோ தந்திரக்காரர். ஊருக்குத் திரும்ப டிக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று நூறு பிராங்க் நோட்டைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அதைப் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். ஊர் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. 'விலை போய்விட்டான்!' 1921-ல் வறுமையில் செத்தார் அந்த மனுஷர். ஆனால், அந்த 1907 ஜூன் மாசமே ஒயின் கலப்படத்தைத் தடுக்கச் சட்டம் வந்தது. ஊர்ப் பெயருக்குக் காப்பு கொடுக்கிற ஏற்பாடு நாடு முழுக்க 1935-ல் வந்தது. நான் குடித்த பச்சைப் பாட்டிலில் அச்சடித்திருந்த 'பினே' என்ற பெயருக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நான் பரவசமாகிப்போனேன். கொட்டகைக்கார அம்மாவிடம், "உங்க ஊர்ல குடிங்கறது எவ்வளவு நாகரிகமா இருக்கு! சாப்பாட்டோட ஒரு கிளாஸ், அதோட சரி" என்று சர்டிபிகேட் கொடுத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். நண்பர் மெதுவாக மொழிபெயர்த்தார்.

"எங்க அப்பாவும் சாப்பாட்டோடதான் குடிச்சார். காலைச் சாப்பாடு, மத்தியானச் சாப்பாடு, ராத்திரிச் சாப்பாடு. ஒரு நாளைக்கு மூணு லிட்டர். தோட்டத்துல கூலியில பாதிய ஒயினாவே கொடுப்பாங்க. அம்பத்தெட்டு வயசுல ஈரல் போயிடுச்சு. அவர் குடிகாரர்னு எங்க ஊர்ல யாரும் சொன்னதில்ல. ஏன்னா, எல்லாருமே அப்படித்தான் இருந்தாங்க."

எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு தேடிப் படித்தேன். பிரான்சில் 1956 வரைக்கும் பள்ளிக்கூட கேன்டீனில் சின்னப் பிள்ளைகளுக்கே ஒயின் கொடுப்பது நடைமுறையில் இருந்திருக்கிறது! அந்த வருஷம்தான் 14 வயதுக்குக் கீழே கூடாது என்றார்கள். முழுசாக நிறுத்தியது 1981-ல். 1991-ல் மது விளம்பரங்களுக்குக் கடிவாளம் போட்டார்கள். 1960-களின் தொடக்கத்தில் சராசரியாக ஒரு ஆள் வருஷத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் ஒயின் குடித்திருக்கிறார். இப்போது நாற்பது லிட்டர் அளவுக்கு இறங்கியிருக்கிறது. அப்படியும் 2015-ல் மட்டும் மதுவால் செத்தவர்கள் சுமார் 41,000 பேர் என்பது அவர்களின் சுகாதாரத் துறை போட்ட கணக்கு.

ஆக, 'பிரெஞ்சுக்காரனுக்குக் குடிக்கத் தெரியும்' என்று பார்ட்டியில் யாராவது ஆரம்பித்தால் நம்பாதீர்கள். அவர்கள் பட்டுத்தான் குறைத்திருக்கிறார்கள். இன்னும் பட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். நல்ல விஷயம் என்னவென்றால், குறைக்கும்போது அளவை விட்டுவிட்டு, பொருத்தத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மலிவுச் சிவப்பு ஒயினை மட்டும் நம்பியிருந்த எத்தனையோ தோட்டங்களில், அரசு மானியம் கொடுத்துக் கொடிகளைப் பிடுங்கச் சொன்னார்கள். சிப்பியின் கையைப் பிடித்துக்கொண்ட பிக்பூல் பிழைத்தது.

பிழைத்தது என்று சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால், துணைப் பண்டங்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒன்றுக்கு வந்தால் இன்னொன்றுக்கும் வரும்.

2018 கோடையில் காயல் தண்ணீர் கொதித்துப்போய், ஆக்சிஜன் இல்லாமல் ஆனது. 'மலாய்க்' என்பார்கள். கெட்ட தண்ணீர் என்று அர்த்தம். பந்தலில் தொங்கிய சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கு செத்துப்போனது. இன்னொரு வகை, கறுப்பு ஓட்டுச் சிப்பி, கிட்டத்தட்ட முழுசாகக் காலி. அடுத்த வருஷம், 2019 ஜூன் 28-ம் தேதி, அதே எரோ மாவட்டத்தில் வெரார்க் என்கிற ஊரில் 46 டிகிரி வெயில். பிரான்சின் வரலாற்றிலேயே உச்சம். அன்று அந்த வட்டாரத்தின் பல தோட்டங்களில் திராட்சை இலைகள், யாரோ தீப்பந்தத்தால் வாட்டியது போலக் கருகின.

"மலாய்க் வந்த வருஷம் என்ன பண்ணீங்க?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"கயித்த இழுத்து, செத்ததெல்லாம் உதறிட்டு, மறுபடி ஒண்ணொண்ணா ஒட்டினோம். வேற என்ன பண்றது?"

இதைச் சொல்லிவிட்டு, பாட்டிலை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. யாரும் கேட்கவில்லை. தட்டு காலியானதும் பாட்டிலுக்கும் வேலை முடிந்தது. நான் அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் மொட்டை மாடியில் தட்டு காலியானால் இன்னொரு பொட்டலம் வாங்கி வரச் சொல்வார்கள். பாட்டில் காலியாகிற வரைக்கும்.

திரும்பி வரும்போது காரில் ஒரு நினைப்பு ஓடியது. அப்பாவுக்கு மட்டும் யாராவது முதலில் சாப்பாட்டைப் போட்டு, அப்புறம் டம்ளரைக் கொடுத்திருந்தால்? ரொம்ப அழகான நினைப்பு. கட்டுரைக்குக் கூட நல்ல முடிவு. ஆனால், பொய். முதலில் சாப்பாடு போட்டு வைக்கத்தான் செய்தாள் அம்மா. தினமும். மூடி வைத்த அந்தத் தட்டைத் திறக்க வேண்டியது அப்பாதான். மூன்று வேளையும் தட்டைத் திறந்த அந்த அம்மாவின் அப்பாவும்தான் பிழைக்கவில்லையே.

எனவே, இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் பிக்பூல் தேடிக் கிளம்ப வேண்டாம். அந்த ஊருக்கே போக வாய்த்தால், சிப்பி சாப்பிடுங்கள். எலுமிச்சை போதும்.

அன்றைக்கு ராத்திரி ஓட்டலிலிருந்து அம்மாவுக்குப் போன் போட்டேன்.  அம்மா எப்போதும் கேட்கிற முதல் கேள்வி.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா."

"என்ன சாப்பிட்டே?"

"சிப்பி. பச்சையா."

"கர்மம், கர்மம்! சோறு கீறு கிடைக்காதா அந்த ஊர்ல?"

இரண்டு மடக்கு விஷயத்தைச் சொல்லவில்லை. அம்மா இந்தப் பத்தியை வாராவாரம் ஒரு வரி விடாமல் படிப்பாள். இந்த வாரமும் படிப்பாள். போன் வரும். தயாராக இருக்கிறேன்.